துவக்கின் வாயில் வைத்த பொட்டு

என் பிள்ளைக்கு,

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு உன் துவக்கை விலைக்கு எடுத்துப்போக ஒருவர் வருகிறார். இன்று வியாழன், மத்தியானம் தாண்டிவிட்டது. பாரிஸ் லாசப்பலில் ஒரு மீன்கடையின் குளிரறையைத் திருத்திவிட்டு, வாகனத்தைத் தெருவோரம் நிறுத்தி, ஸ்டியரிங்கின் மேல் கொப்பியை வைத்து இதை எழுதுகிறேன். நீ லியோனுக்கு வேலைக்குப் போய் மூன்று கிழமை ஆகிறது. அம்மாவுடன் பேசுகிறாய், நான் அழைத்தால் மட்டும் ஃபோனைத் தூக்குவதில்லை. அதற்காக உன்னைக் குறை சொல்லமாட்டேன். எழுதிப் படம் பிடித்து அனுப்பச் சொன்னதும் அம்மாதான். "வாயாலை சொல்ல ஏலாதெண்டா கையாலை சொல்லுங்கோ. ஆனால் சனிக்கு முதல் சொல்லிப்போடுங்கோ" என்றாள். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய், பாதியில் அலுத்துப்போகவும் கூடும். ஆகவே கடைசியில் சொல்லவேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாசி மாதம் நடந்த சுடும் தெரிவுப் போட்டியில் உன் கை நடுங்கவில்லை. உன் மனமும் தளரவில்லை. பழுது துவக்கில் இருந்தது. அந்தப் பழுதை உண்டாக்கியவன் நான். பழுது எதுவென்று உனக்குப் புரியாமல் நீ அலைந்த அத்தனை நாளும் எனக்கு அது தெரியும்.

துப்பாக்கிக்குத் துவக்கு என்ற ஊர்ச் சொல்லைக் கண்டதும் உனக்கு எரிச்சல் வரும். பிரெஞ்சில் கரபின் என்று சொல்லுங்கோ என்று எத்தனை தரம் திருத்தியிருக்கிறாய். என் நாக்கு அதற்குத் திரும்பவில்லை. உனக்கு ஏழு வயதாக இருந்தபோது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் வீட்டுப்பாடம் தந்தார்கள், சொற்களை வைத்து வசனம் எழுதச் சொல்லி. பட்டியலில் துவக்கு என்றொரு சொல் இருந்தது. நீ கோணல் எழுத்தில், "அப்பா, விளையாட்டைத் துவக்கு" என்று எழுதியிருந்தாய். நான் சிவப்புப் பேனாவால் அதை வெட்டிவிட்டு, "அவனிடம் துவக்கு இருந்தது" என்று எழுதித் தந்தேன். அடுத்த கிழமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "அண்ணை, பிள்ளை எழுதினதுதானே சரி. இதெல்லாம் வினைச்சொல். தொடங்கு எண்டு கருத்து" என்றார். பெற்றோர் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஊரில் சண்டைக்குள் நான் வளர்ந்த காலத்தில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு கருத்து இருப்பதையே மறந்துபோயிருந்தோம். என் அண்ணை கடைக்குப் பாண் வாங்கச் சைக்கிளில் போனவர். அவரைச் சுட்டவன் யாரென்று இன்றுவரை தெரியாது. இதை உனக்கு ஒருநாளும் விவரமாகச் சொன்னதில்லை. சொல்லாமலே நீ விளங்கிக்கொள்ளவேண்டும் என்று எதிர்பார்த்தேன், அது என் மடத்தனம்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் நீ பதினெட்டு வயதில் ஒரு நீளப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். நான் லா கூர்னெவ் வீட்டு வாசலில் கையை மறித்து நின்றேன். "இது இந்தப் படியைத் தாண்டக் கூடாது" என்றேன். நீ பிரெஞ்சில், "அப்பா, இதுக்குள் இருப்பது வெறும் காற்று" என்றாய். காற்று என்றதும் எனக்குள் இருந்த குளிர்சாதனத் திருத்துநர் விழித்துக்கொண்டான். எவ்வளவு அமுக்கம் என்று கேட்டேன். இருநூறு பார் என்றாய். அங்கேயே வாசலில் குந்தியிருந்து நீ எனக்குக் காட்டினாய். சிலிண்டரில் இருக்கும் காற்றை அப்படியே விட்டால் முதல் ஈயக்குண்டு பாயும், ஐம்பதாவது குண்டு தவழும். ஆகவே இடையில் ஒரு ரெகுலேட்டர். அது பெரிய அமுக்கத்தை வாங்கி, ஒவ்வொரு வெடிக்கும் ஒரே அளவு காற்றை மட்டும் எடுத்துக் கொடுக்கும். "எங்கடை வேலையிலையும் இதே சாமான்தான்" என்றேன். ஒரு மணித்தியாலம் பேசினோம். உன் பதினைந்து வயதுக்குப் பிறகு நாம் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். பெட்டி உள்ளே வந்தது, ஆனால் நடைவழியோடு நிற்கவேண்டும் என்று கட்டளை போட்டேன்.

இனிப் போன ஆயுத பூசைக்கு வருகிறேன். வருடா வருடம் நான் என் அமுக்கமானிகளையும் குறடுகளையும் வெற்றிடப் பம்பியையும் துடைத்துச் சாமிப் படங்களின் முன் அடுக்கிவைப்பது உனக்குத் தெரியும். சின்னதில் உன் புத்தகங்களையும் அதற்குள் செருகுவாய், முக்கியமாகக் கணக்குப் புத்தகத்தை. அன்று நீ பல்கலைக்கழகத்தில் இருந்தாய். எல்லாம் அடுக்கி முடித்துச் சூடத்தை எடுக்கும்போது நடைவழியில் உன் பெட்டி கண்ணில் பட்டது. நான்கு வருடமாக அதைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவன் நான். அன்றைக்கு என்னவோ, என்ரை மகளின்ரை ஆயுதம் இது, இதை மட்டும் வெளியில் விடலாமோ என்று மனம் இளகிவிட்டது. எடுத்து வந்து என் குறடுகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். நீ உன் ஒழுங்குப்படி சிலிண்டரைத் தனியே கழற்றி, இரண்டு வாய்க்கும் மூடி போட்டு வைத்திருந்தாய். துவக்கோ முழுக்கக் கறுப்பு. கறுப்பில் பொட்டு எடுபடாது. எந்தச் சாமானுக்கும் முகம் என்று ஒன்று இருக்கும், அங்கேதான் பொட்டு வைக்கவேண்டும். மூடியைக் கழற்றினால் சிலிண்டர் பூட்டும் இடத்தில் பித்தளை வாய் பளபளவென்று தெரிந்தது. இதுதான் முகம் என்று நினைத்து, வாயைச் சுற்றிச் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமமும் வைத்தேன். அடுத்த நாள் விஜயதசமி காலையில் ஈரத் துணியால் துடைத்து, மூடியைப் போட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒருநாள் நீ வென்று வரும்போது சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

என்னோடு வேலை செய்கிறவர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் உனக்குத் தெரியும்தானே, வாய்மூடி அண்ணை. குழாயை வெட்டிவிட்டு அதன் வாயை மூடாமல் ஒருவன் தேநீர் குடிக்கப் போனால் லாசப்பல் தெருவே கேட்கக் கத்துவேன். "வாயை மூடடா! ஒரு தூசி போனால் காணும், முழுச் சிஸ்டமும் நாசம்!" அப்படிப்பட்டவன் உன் ரெகுலேட்டரின் வாயைத் திறந்து, தூளையே அள்ளிப் பூசினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். துணிக்குத் தப்பிய சந்தனமும் குங்குமமும் காய்ந்து பொடியாகி, நீ சிலிண்டரைப் பூட்டிய அந்தக் கணமே இருநூறு பார் காற்றோடு உள்ளே போயிருக்கும்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீ சோற்றைப் பிசைந்துகொண்டு அம்மாவிடம் முறைப்பட்டாய். "அம்மா, தொடர்ந்து அடிச்சா எல்லாம் ஒரே இடத்திலை விழுது. கொஞ்சம் நிண்டு அடிச்சா முதல் வெடி மேலை போகுது. ஏனெண்டு விளங்கேல்லை." அம்மாவுக்கு அது விளங்கவில்லை. எனக்கு உடனே விளங்கியது. ரெகுலேட்டருக்குள் பருப்பளவில் ஒரு சின்ன இருக்கை உண்டு, வால்வு அதில் அமர்ந்து காற்றை அடைக்கும். இடையில் தூசி சிக்கினால் முழுதாக அடைக்காது. பெரிய அமுக்கத்திலிருந்து காற்று மெல்ல மெல்லக் கசிந்து ஊரும். விடாமல் சுட்டால் ஊர நேரமில்லை, வேகம் ஒன்றாகவே இருக்கும். ஐந்து நிமிடம் நின்றால் அமுக்கம் ஏறிவிடும், அடுத்த குண்டு செக்கனுக்கு எட்டுப் பத்து மீட்டர் கூடுதல் வேகத்தில் பாயும். பத்து மீட்டர் தூரத்து இலக்கில் அது இரண்டு மில்லிமீட்டர். உங்கள் விளையாட்டில் அது கிட்டத்தட்ட ஒரு வளையம். இதெல்லாம் எனக்கு அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே விளங்கிவிட்டது. நான் பருப்பைக் கொஞ்சம் இஞ்சாலை தள்ளச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நீ பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்தாய். வேகம் அளக்கும் கருவியின் பட்டரியை மாற்றினாய். குழலைத் துடைத்தாய், திருகாணிகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்தாய், மண்டபத்தின் வெப்பநிலையைக்கூடக் குறித்தாய். உன் கறுப்புக் கொப்பி ஒருநாள் மேசையில் திறந்தபடி கிடந்தது. வேகம், நிறை, வெப்பநிலை என்று வரிசை வரிசையாக எழுதியிருந்தாய். ஒன்று மட்டும் இல்லை. ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் நின்றாய் என்று நீ எழுதவில்லை. அந்த ஒரு வரிசையைச் சேர்த்திருந்தால் ஒரு பின்னேரத்தில் பிடித்திருப்பாய். பென்சில் கொப்பிக்குள்ளேயே இருந்தது. நான் கொப்பியை மூடி, உன் அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

ஏன் என்று கேட்பாய். முதலில் வெட்கம் என்று என்னையே ஏமாற்றினேன். தொழில் தெரிந்தவன் செய்யக்கூடாத பிழை, அதை எந்த வாயால் சொல்வது என்று. அது பாதி உண்மை. மீதியை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். நீ தெரிவாகாவிட்டால் தேசிய அணியின் பயிற்சி நிலையத்துக்குப் போகமாட்டாய், கொஞ்ச நாளில் அலுத்துப்போய் விட்டுவிடுவாய், அந்தப் பெட்டி என் வீட்டை விட்டுப் போய்விடும் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. பழுதாக்கியது தெரியாமல் நடந்தது. திருத்தாமல் விட்டது தெரிந்தே செய்தது. முன்னதைச் சாமி மன்னிக்கும். பின்னதை நீதான் மன்னிக்கவேண்டும், மன்னிக்காவிட்டாலும் நியாயம்தான்.

போட்டி முடிந்து வந்தபோது உன்னைக் கூட்டிப்போகக் கார் து நோர் றெயில் நிலையத்துக்கு வந்தேன். படிகளுக்குக் கீழே பெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றாய். உன் பயிற்சியாளர் மதாம், "பயிற்சியில் நன்றாகச் சுடுகிறாய், போட்டியில் விழுகிறாய், பிழை உன் தலைக்குள் இருக்கிறது" என்று சொன்னதாகச் சொன்னாய். பயிற்சியில் நீ நிற்காமல் சுடுவாய், போட்டியில் மூச்சை அடக்கி, நின்று நின்று சுடுவாய். அதுதான் வித்தியாசம் என்று ஒரு வசனம் நான் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. "விடு பிள்ளை. துவக்கு எங்கடை ஆக்களுக்கு ஒரு நன்மையும் செய்யேல்லை. பெட்டி போனால் வீடும் நிம்மதியா இருக்கும்." நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு பிரெஞ்சில் கேட்டாய், "உங்களுக்குச் சந்தோசமா, அப்பா?" நான் றெயில் வருகிறது என்றேன். அந்தக் கேள்வியோடுதான் நீ லியோனுக்கும் போனாய்.

அதைவிடக் கேவலம் பிறகு நடந்தது. நீ காலையில் மேசையில் இரண்டு கையையும் நீட்டி, விரல் நடுங்குகிறதா என்று பார்க்கத் தொடங்கினாய். கோப்பையைத் தூக்கும்போது பார்த்தாய், பேனா பிடிக்கும்போது பார்த்தாய். அம்மா பயந்துபோய் உன்னை மருத்துவரிடம் கொண்டுபோகச் சொன்னாள். காரை ஓட்டியது நான். உன் கையில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தபோது காத்திருக்கும் அறையில் பழைய சஞ்சிகை ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு குறையும் இல்லை என்று முடிவு வந்தது. "அப்ப மனசுதான்" என்று நீ சொன்னாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பது பழமொழி. நான் என் பிள்ளையின் நரம்புக்குள் மறைத்தேன்.

லியோனுக்குப் போகும்போது நீ விற்கச் சொன்ன பெட்டிக்கு ஆள் கேட்டு வந்தது போன கிழமை. திரான்சியிலிருந்து ஒரு தமிழ் மனுசன், தன் மகளுக்காக. "அண்ணை, சாமான் ஒழுங்கா வேலை செய்யுமோ? பிள்ளை ஆசைப்படுறாள்" என்று ஃபோனில் கேட்டார். "ஓம், ஒழுங்கு" என்று சொல்லிவிட்டேன். ஃபோனை வைத்த பிறகு இருக்க முடியவில்லை. பழுது என்று தெரிந்த சாமானை ஒழுங்கு என்று சொல்லி நான் ஒருநாளும் யாருக்கும் கொடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு ரெகுலேட்டரைக் கழற்றினேன். இருக்கையில் ஒரு சிவப்புப் புள்ளி, குண்டூசித் தலையளவு. அதைக் கண்டதும் சமையலறைக் கதிரையில் இருந்து அழுதேன், அம்மா வந்து பார்த்தாள். அவளிடம் எல்லாம் சொன்னேன். அவள் கத்தவில்லை. "யாரோ ஒரு மனுசன்ரை பிள்ளைக்காகக் கழட்டினீங்கள். உங்கடை பிள்ளைக்காகக் கழட்டேல்லை" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் என்னைத் திட்ட ஒருவராலும் முடியாது.

இருக்கையையும் வளையங்களையும் புதிதாக மாற்றி, நேற்றுப் பின்னேரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் கழகத்துக்குப் போனேன். மதாம் என்னை இதற்கு முன் கண்டதில்லை. பழைய இருக்கையை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "முசியூ, இது என்ன சிவப்பு?" என்று கேட்டார். என் பிரெஞ்சில் பொட்டு என்பதற்குச் சொல் இல்லை. "அது... பிரார்த்தனை, மதாம்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ஆயுத பூசையிலிருந்து தொடங்கி, சாப்பாட்டு மேசை, கொப்பி, மருத்துவர் வரை உடைந்த பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அப்படியானால் நான் அந்தப் பிள்ளைக்குச் சொன்னது பிழை" என்றார். வேகம் அளக்கும் கருவியை எடுத்துவந்து பூட்டினார். பத்து வெடி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் என்று நான் கேட்டேன். ஒன்பதை அவர் சுட்டார். 171, 170, 171, 171 என்று எண்கள் ஒரு மீட்டருக்குள்ளேயே நின்றன. பத்தாவதற்குக் கால் மணித்தியாலம் காத்திருந்தோம். பிறகு அவர் துவக்கை என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கினேன், பிள்ளை. ஐம்பத்தெட்டு வயதில், வாழ்க்கையில் முதல் தடவை. கன்னத்தில் அந்தக் குளிர் பட்டதும் என் அண்ணையின் சைக்கிள்தான் கண்ணுக்குள் வந்தது. கை இரண்டும் கிழவன் கை போல உதறியது. விசையைத் தொட்டதும் வெடித்தது, குண்டு இலக்குத் தாளில் எங்கோ ஒரு மூலையில் விழுந்தது. கருவியைப் பார்த்தேன். 171. அவ்வளவு நடுங்கிய கைக்கும் 171தான். வேகம் ஏறுவதும் இறங்குவதும் கையால் வருவதில்லை. உன் கறுப்புக் கொப்பியில் ஏறி இறங்கிய எண்கள் எல்லாம் என்னுடைய எண்கள். அந்தப் பக்கத்திலேயே பழைய இருக்கையை ஒட்டி, கீழே பத்து வெடியையும் எழுதி, நீ விட்டுவிட்ட அந்த வரிசையையும் சேர்த்திருக்கிறேன். கொப்பியைத் தபாலில் அனுப்புகிறேன், மருத்துவர் தந்த முடிவுத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்.

நான் புறப்படும்போது மதாம், "நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். ஆனால் முதலில் நீங்கள்" என்றார். லியோனில் தனக்குத் தெரிந்த கழகம் ஒன்று இருப்பதாகவும் சொன்னார். நீ போவாயா என்று எனக்குத் தெரியாது. போன தெரிவு போனதுதான், அதை என்னால் திருப்பித் தர முடியாது. புத்தி சொல்லும் தகுதியும் எனக்கு இப்போது இல்லை. ஆனாலும் தகப்பன் என்றால் ஒன்று சொல்லாமல் இருக்கமாட்டான்: உன்னைப் பார்த்து யாராவது பிழை உன் தலைக்குள் என்று சொன்னால், முதலில் சாமானைக் கழற்றிப் பார். சொல்லுகிறவன் அப்பனாக இருந்தாலும் பார்.

கார் து நோரில் நீ கேட்ட கேள்விக்கும் பதில் தரவேண்டும். ஓம், அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் சந்தோசமாகத்தான் இருந்தது. அதை நினைக்க இப்போது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

திரான்சி மனுசனுக்கு நான் இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை. உனக்குப் பதிலாக நான் முடிவெடுத்த காலம் போதும். சனி பதினொரு மணிக்கு அழைப்பு மணி அடிக்கும். துவக்கைக் கொடுக்கச் சொன்னால் கொடுத்துவிடுகிறேன், இப்போது அது உண்மையிலேயே ஒழுங்கான சாமான். வைத்திருக்கச் சொன்னால் நானே லியோனுக்குக் கொண்டுவருவேன், மூடிகள் இரண்டும் போட்டபடி. என்னோடு பேச வேண்டாம், ஃபோன் எடுக்கவும் வேண்டாம். கொடுக்கவேண்டுமென்றால் ஒன்றும் எழுதாதே. வேண்டாமென்றால், ஏழு வயதில் நீ எழுதினாயே அந்த ஒரு சொல், அதை மட்டும் தமிழில் எழுதி அனுப்பு. இந்த முறை நான் அதை வெட்டமாட்டேன்.

அப்பா